மீதி ஒன்பது பங்கு: கிறிஸ்தவக் குடும்பப் பணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சபைகளில் பணப் பேச்சு வந்தால் பெரும்பாலும் காணிக்கையோடு நின்றுவிடுகிறது. தசமபாகம் என்கிற பத்தில் ஒன்று எங்கே போக வேண்டும் என்று கேட்கிறோம். மீதி ஒன்பது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒன்பதும் கர்த்தருடையதுதான் என்று நம்புகிற குடும்பங்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள்.

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று இயேசு சொல்லியிருக்கும்போது, திட்டம் போடுவது விசுவாசக் குறைவு ஆகாதா?

கவலைப்படாதிருங்கள் என்றார், கணக்குப் பார்க்காதிருங்கள் என்று சொல்லவில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவரும் அவர்தான் (லூக்கா 14:28). வேதம் நம்மைச் சொந்தக்காரன் என்று சொல்வதில்லை, உக்கிராணக்காரன் என்றுதான் சொல்கிறது. உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனாகக் காணப்பட வேண்டும் (1 கொரிந்தியர் 4:2). அடுத்தவர் பொருளை வைத்திருப்பவனுக்குக் கணக்கு நோட்டு கட்டாயம். கவலையும் அதனால் குறையும், ஏனென்றால் இரவில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தெரியாத தொகைதான்.

எங்கே தொடங்குவது?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் 30 நாளைக்கு எந்தச் செலவையும் குறைக்க வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். தேதி, என்ன செலவு, எவ்வளவு, யார் செய்தது என்று நான்கு கட்டம். இரவு ஜெபத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் முடிந்துவிடும். டீக்கடை, ஆட்டோ, பிள்ளைக்கு வாங்கிய பத்து ரூபாய் பேனா, எல்லாம் வர வேண்டும். போனில் அனுப்பிய பணம்தான் அதிகம் விட்டுப்போகும். கையில் நோட்டு குறைவது கண்ணுக்குத் தெரியும், ஸ்கேன் செய்த பணம் குறைவது தெரிவதில்லை. அதனால் எழுத உட்காரும்போதே அன்றைய பட்டியலைப் போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலிலேயே பட்ஜெட் போட்டு, "மளிகைக்கு 5,000" என்று மனதில் தோன்றியதை எழுதுகிறார்கள். உண்மையில் 9,000 ஆகிறது. பத்தாம் தேதியே திட்டம் உடைந்துவிடும், "நமக்கு இது சரிப்பட்டு வராது" என்று நோட்டும் பரணுக்குப் போய்விடும். முதலில் உண்மை, அப்புறம் திட்டம்.

கணவன் மனைவி இருவரும் எழுத வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் இருந்தால் இந்த மாதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்கிற இரவு கடினமாகத்தான் இருக்கும். மறைத்த கடனுக்கு வட்டியோடு பொய்யும் சேர்ந்து வளர்கிறது.

ஒரு மாதக் கணக்கை எப்படிப் பிரிப்பது? எடுத்துக்காட்டு வேண்டும்.

கையில் வரும் சம்பளம் 32,000, வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். காணிக்கை 3,200. வாடகை 8,000. மளிகை, பால், காய், மீன் 9,500. கரண்டு, காஸ், போன் 1,800. பெட்ரோல், பஸ் 1,800. மருந்து 700. ஆண்டுச் செலவு 3,500. சேமிப்பு 2,000. மொய், விசேஷம் 1,000. கைச்செலவு 500. கூட்டிப் பாருங்கள், 32,000 சரியாக வரும். ஒரு ரூபாய்கூடப் பெயர் இல்லாமல் நிற்கக் கூடாது. பெயரில்லாத பணம்தான் முதலில் காணாமல் போகும்.

இதில் பலர் விட்டுவிடுவது "ஆண்டுச் செலவு" என்கிற வரி. பள்ளிக் கட்டணம் 24,000, கிறிஸ்துமஸ் துணியும் பலகாரமும் 9,000, வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 5,000, சபைச் சந்தாவும் அசன (சபை விருந்து) வரியும் 4,000. மொத்தம் 42,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,500. ஜூனில் பள்ளி திறப்பதும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் வருவதும் ஆண்டுதோறும் தெரிந்த செய்தி. ஆனாலும் அடகுக் கடைக்கு ஓடவைப்பது இவைதான். இந்த 3,500-ஐத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ தனிக் கணக்கில் போடுங்கள். சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் செலவாகிவிடும்.

மளிகை, பெட்ரோல், மொய், கைச்செலவு ஆகியவற்றுக்கு ரொக்கமாக எடுத்துக் கவர்களில் வைப்பது இன்றும் நன்றாக வேலை செய்கிறது. மளிகைக் கவரை நான்காகப் பிரித்து வாரம் ஒன்று திறவுங்கள். இந்த வாரம் தீர்ந்தால் அடுத்த வாரக் கவரைத் தொடாமல், வீட்டில் இருக்கிற பருப்பையும் முட்டையையும் வைத்து ஓட்டுங்கள். மொய்க்கு ஒரு வரம்பு வைப்பது நம் ஊரில் எளிதல்ல, ஆனால் கடன் வாங்கி வைக்கிற மொய் அன்பளிப்பு ஆகாது.

மாதச் சம்பளம் இல்லை. கடல் தொழில், கூலி வேலை. எங்களுக்கு எப்படி?

யோசேப்பு எகிப்தில் செய்ததைப் பாருங்கள். விளைச்சல் உள்ள ஏழு ஆண்டில், பின்னால் வரும் பஞ்சத்துக்காக ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னார் (ஆதியாகமம் 41:34). கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீதி 304 நாள். 304-இல் ஐந்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 61. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

கடலுக்குப் போகாத ஞாயிறையும் காற்று நாளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பங்காக ஒரு நாளைக்கு 500 ரூபாய் வருகிறது என்று கொள்ளுங்கள். 100 ஒதுக்கி 400-இல் வீடு நடந்தால், 304 நாளில் 30,400 சேரும். தடைக்கால 61 நாளுக்கு 400 வீதம் 24,400 போதும். மிச்சம் 6,000 வலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஆகும். ஒதுக்குவதைக் கரைக்கு வந்த அன்றே, பங்கு பிரித்த கையோடு ஒதுக்க வேண்டும். நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் ஐந்தில் ஒன்றாகவே ஒதுக்குங்கள், நூறோடு நிறுத்தாதீர்கள். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கணக்கு அதேதான். கட்டட வேலைக்காரர் மழை மாதங்களைத் தடைக்காலமாக எண்ணிக்கொள்ளலாம்.

தசமபாகம் பிடித்தம் போக வரும் தொகையிலா, மொத்தச் சம்பளத்திலா?

வேதம் சம்பளச் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. பி.எஃப். பிடித்தம் உங்கள் பணம்தான், பின்னால் கைக்கு வரும். அதற்கு இப்போதே கொடுக்கலாம், வரும்போதும் கொடுக்கலாம். ஏதாவது ஒன்றை முடிவு செய்து அதில் நில்லுங்கள். புதிய ஏற்பாடு அழுத்திச் சொல்வது ஒழுங்கையும் மனதையும்தான்: வாரத்தின் முதல்நாள்தோறும் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைப்பது (1 கொரிந்தியர் 16:2), விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடி கொடுப்பது (2 கொரிந்தியர் 9:7). பழைய ஏற்பாட்டிலும் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலய ஊழியனான லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போனது (உபாகமம் 14:28, 29). ஆகவே உங்கள் பத்தில் ஒரு பங்கு தெருக்கோடியில் இருக்கும் விதவைக்குப் போனால் அது ஆண்டவருக்குத் தப்பிவிடவில்லை.

கையில் காசே வராத இல்லத்தரசிக்கு நம் சபைகளில் பிடியரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததை ஆலயத்தில் கொடுப்பது. மிசோரமின் பிரஸ்பிட்டேரியன் சபை 1910 முதல் இப்படிச் சேர்ந்த அரிசியைக் கொண்டு ஊழியங்களைத் தாங்கி வருகிறது. சோறு வைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி.

கடனில் இருக்கும்போது தசமபாகம் கொடுக்க வேண்டுமா?

மிக அதிகமாக வரும் கேள்வி இது, பதிலை அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. முதலில் ஒன்று உறுதி: கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். நகையை அடகு வைத்துப் போடுவதும் அதே கணக்குதான். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று பவுல் தெளிவாக எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:12). கடன் கொடுத்தவருக்குத் தவணை கொடுக்காமல் பிடித்து வைத்து, அந்தப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடுவதும் சரியல்ல. அது அடுத்தவர் பணம். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:11).

அதற்காகக் கொடுப்பதை முழுவதும் நிறுத்தவும் வேண்டாம். நின்ற பழக்கம் திரும்புவது கடினம். தவணை, வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு நான்கும் போக என்ன மிஞ்சுகிறதோ அதில் ஒரு பங்கைத் தீர்மானித்துக் கொடுங்கள், நூறு ரூபாயானாலும் சரி. கடன் ஒவ்வொன்றாக முடியும்போது அந்தப் பங்கை உயர்த்துங்கள். "உன் கடன் தீர வேண்டுமானால் இன்னும் பெரிய விதையை விதை" என்று கடனாளியிடம் காணிக்கை கேட்கிறவர் யாராக இருந்தாலும், மேடை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அந்த வார்த்தைக்கு இணங்காதீர்கள். ஏழை விதவை இரண்டு காசு போட்டாள், யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை.

அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடும்போது உணர்ச்சிவசப்பட்டு அதிகம் கேட்டுவிடுகிறோம்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தொகையை முடிவு செய்து, கவரில் ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு 2,000 கேட்பது தவறல்ல, கொடுக்கிற மனதுக்குப் பழம் ஒரு சாக்குதான். "அப்புறம் தருகிறேன்" என்று எழுதிவைப்பதில்தான் சிக்கல் வரும். பொருத்தனை (நேர்ந்துகொள்ளுதல்) செய்து செலுத்தாமல் இருப்பதைவிடச் செய்யாமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி சொல்கிறார் (5:5).

தண்டல், நூற்றுக்கு இரண்டு, பிளாட் ரேட்: உண்மையான வட்டி எவ்வளவு?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே பாதிப் பேர் கடன் வாங்க மாட்டார்கள்.

"நூற்றுக்கு இரண்டு" என்றால் மாதத்துக்கு. ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று என்றால் 36.

தண்டலில் 10,000 கடன் என்று சொல்லி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே வட்டி, பத்து சதவீதம்" என்று தோன்றும். ஆனால் 9,000 முழுவதும் 100 நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். குறையும் அசலுக்கு வட்டி போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

முதலில் வாங்கிய முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போடும் பிளாட் ரேட்டும் இதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்கிறது. ஒரு லட்சம், 12 சதவீதம், இரண்டு ஆண்டு என்றால் வட்டி 24,000, மாதத் தவணை 5,167. குறையும் அசலுக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கும் மேல். வண்டிக் கடன், பர்னிச்சர் கடன் எடுக்கும்போது "பிளாட்டா, குறையும் அசலா" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பிளாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

மகளிர் குழுக்கள் வழியாக நுண்கடன் நிறுவனங்களில் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. அநியாய வட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மிரட்டல் வந்தால் ஜெபக் குறிப்பு எழுதுவதோடு புகாரும் எழுதுங்கள்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

வட்டி அதிகமானதை. எல்லாக் கடன்களையும் ஒரே தாளில், மீதி அசல், உண்மை வட்டி, மாதத் தவணை என்று எழுதி, வட்டி வரிசையில் அடுக்குங்கள். மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தவணை, மேலே உள்ளதற்குக் கையில் கிடைப்பதெல்லாம். தினம் 100 கட்டிய தண்டல் முடிந்தால் மாதம் 3,000 விடுதலையாகிறது. அதை வீட்டுச் செலவில் கரைக்காமல் அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரு கடன் தீர்ந்த நிம்மதியில் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள்.

லாக்கரில் வளையல் தூங்க, வெளியே 36 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருந்தால் வளையலை விற்று அடைப்பதே நல்லது. அடகு வைத்தால் அந்த வட்டியும் கூடும், நகையும் திரும்பாமல் போகலாம். அடைத்து முடித்த அன்றே புரோநோட்டையும் காசோலைகளையும் திரும்ப வாங்குங்கள். தொகை எழுதாத புரோநோட்டில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சபைச் சகோதரர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லை என்பார்களே?

நீதிமொழிகள் மறுக்கத்தான் சொல்கிறது (6:1–5, 22:26, 27). சட்டமும் தெளிவு: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கடன் கொடுத்தவர் அவரைக் கேட்காமலேயே நேராக உங்களிடம் வரலாம். "ஐயா, கையெழுத்துப் போட மாட்டேன். என்னால் முடிந்த ஐயாயிரத்தைத் தருகிறேன், திருப்ப வேண்டாம்" என்று சொல்லுங்கள். உறவும் கெடாது, உங்கள் வீடும் தப்பும். ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்குவதையும் வேதம் தடுக்கிறது (யாத்திராகமம் 22:25).

சீட்டுப் போடலாமா?

பதிவு செய்த ஏலச்சீட்டு சட்டப்பூர்வமானது. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது. நடத்துபவரின் கமிஷன் இப்போது அதிகபட்சம் 7 சதவீதம். பதிவு எண், ஒப்பந்த நகல் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஆலயத்தில் பழகியவர் நடத்துகிறார் என்பது பதிவுக்கு ஈடாகாது. பதிவில்லாத சீட்டு உடைவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: சீட்டு எடுத்த சிலர் கட்டாமல் போவார்கள், நடத்துபவர் அடுத்த சீட்டுப் பணத்தை எடுத்து இதைச் சமாளிப்பார், மூன்றாவது சீட்டில் கை விரிப்பார். மாதம் 5 சதவீதம், 10 சதவீதம் லாபம் என்று ஜெபத்தோடு தொடங்குகிற முதலீட்டுக் கூட்டங்களுக்கு அருகில்கூடப் போக வேண்டாம்.

விசுவாசிக்கு இன்சூரன்ஸ் எதற்கு?

நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும்பகலும் காவலும் வைத்தார் (நெகேமியா 4:9). சம்பாதிக்கிறவர் இறந்தால் வீடு நிற்க, ஆண்டு வருமானத்தைப்போல் பத்து மடங்காவது டெர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத ஆயுள் காப்பீடு) எடுங்கள். சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசிகளில் பிரீமியம் பெரியது, காப்பீடு சிறியது. வங்கிக் கணக்கு வழியே கிடைக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீடு 436 ரூபாய், இரண்டும் தலா 2 லட்சத்துக்கு. பிரீமியம் எடுக்கும் நாளில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பாலிசி ஓசையில்லாமல் காலாவதியாகும். மே மாதக் கடைசியில் இருப்பைப் பாருங்கள்.

சபைக் கணக்கைக் கேட்பது தவறா?

தவறல்ல. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றப்படுத்தாதபடிக்குச் சபைகள் தெரிந்துகொண்டவரைக் கூட்டிச் சென்றார் (2 கொரிந்தியர் 8:19–21). ஆராதனை முடிந்தவுடன், ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ண வேண்டும். நோட்டு வகை வாரியாக எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலை நாளில் முழுத் தொகையையும் வங்கியில் கட்ட வேண்டும். எண்ணும்போதே அவசரச் செலவுக்கு எடுப்பது பழக்கமானால் எந்தத் தணிக்கையாலும் பிடிக்க முடியாது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் எந்தக் கணக்கில் வரும்?

வாடகைக்கும் முன்னால். கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது.

உயில் எழுத வேண்டுமா?

வேண்டும். உயில் இல்லாமல் இறக்கும் கிறிஸ்தவரின் சொத்தை 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிக்கிறது: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகளுக்கும் மகனுக்கும் வேறுபாடு கிடையாது. "சீதனம் கொடுத்தாயிற்று" என்று சொல்லி மகளின் பங்கை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் மகளுக்குக் குறைத்தே கொடுத்தது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அதற்கு முடிவு கட்டியது. வங்கிக் கணக்கில் நாமினி என்று பெயர் இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு.

வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் எதுவும் எழுதாதீர்கள், எழுதினால் அந்தப் பங்கு செல்லாது. சபைக்கோ அநாதை இல்லத்துக்கோ எழுதிவைக்கக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2003-இல் நீக்கிவிட்டது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். அப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் புதிதாக எழுதி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.